சிப்புக்குள் போன ஒப்பாரி

டவுனில் போன் கார்டு விற்கிற அந்தக் கொமியூனிகேஷன் கடைக்கு நான் மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் வாயைத் திறக்க முடியாமல் ரீலோட் கார்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என்னிடம் போன் கிடையாது. அந்தக் கார்டுகளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கிற அக்காவிடம் கொடுத்தேன். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வடக்கில் சண்டை முடிவதற்கு முந்தின வருஷம் அது. முதல் முறை போனபோது அம்மா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால் வெட்டுகிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பத்திரிகை கிடைத்தால் பொட்டலம் மடித்த துண்டைக்கூட விரித்துப் படிப்பேன். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது "ஆமாங்க" என்று சொல்வதே எனக்குப் பெரிய காரியம்.

கேத வீட்டில் மட்டும் அப்படியில்லை. யார் வீட்டுச் சாவானாலும் பெண்கள் என்னைத்தான் தலைமாட்டுக்கு இழுத்து உட்கார வைப்பார்கள். முதல் வரியை யாராவது எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சம் தானாக வரும். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. எழுந்து முகம் கழுவினால் பாதி மறந்துவிடும்.

ஒப்பாரிக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் யாரையும் எதுவும் சொல்லலாம். மாமியாரைத் திட்டலாம், மருந்து கொடுக்காத டிஸ்பென்சரி ஐயாவைத் திட்டலாம், செத்துக் கிடக்கிறவரையே திட்டலாம். பிரேதத்தைத் தூக்கின பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. "அன்னைக்கு என்னை இப்படிச் சொன்னியே" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் மானக்கேடு. குழி மூடும்போது அந்த வார்த்தைகளும் மூடிப் போகும்.

என் அம்மாவின் தலைமாட்டில் நான் தம்பியைத் திட்டினேன்.

தம்பி கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்தான். அம்மா காலையில் இறந்ததும் அடுத்த காம்பரா அக்காவின் போனிலிருந்து அந்தக் கடைக்குப் பேசினோம். "அவன் கடையில இல்ல, வந்ததும் சொல்றேன்" என்று யாரோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று முழுவதும் அவன் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வரை பிரேதத்தை வைத்துப் பார்த்தோம். அதற்கு முந்தின இரண்டு தீபாவளிக்கும் வியாபார நேரம் என்று சொல்லி வராமல் இருந்தவன். அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. நான் பாடினதில் இந்த வரிகளை எனக்கு மறக்கவே முடியாதபடி பிறகு பலர் செய்துவிட்டார்கள்:

ரம்புக்கனை டேசனுக்கு ரயிலு நாலு வந்துருச்சே
பெத்த மகன் முகம் காணப் பெட்டியில காத்திருந்தே
கொழும்புக் கடை வெளிச்சத்துல கண்ணு கூசிப் போனானோ
தாய் கெடக்கும் திசை மறந்து தராசு புடிச்சு நின்னானோ

ஐந்தாம் நாள் கடை முதலாளி அடுத்த காம்பரா அக்காவின் போனுக்குப் பேசினார். அம்மா இறப்பதற்கு முந்தின நாளே தம்பியை ஒரு சோதனைச் சாவடியில் பிடித்து வைத்துவிட்டார்களாம். கொழும்பில் தங்குகிற தமிழர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லையாம். முதலாளி அலைந்துகொண்டிருக்கிறாராம். அம்மா இறந்ததே அவனுக்கு இன்னும் தெரியாதாம். கருமாதிக்குள் வெளியே எடுத்துவிடலாம் என்றார்.

தராசு பிடித்து நின்றானோ என்று நான் பாடியபோது அவன் ஏதோ ஒரு தரையில் உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். எனக்கு முன்னால் குடத்தை வைத்திருந்த பெண்ணின் இடுப்பில் இருந்து என் குரல் கேட்டது. ரயிலு நாலு வந்துருச்சே. எனக்கு முதலில் விளங்கவில்லை. என் குரல் எனக்குள்ளே கேட்கிற மாதிரி வெளியே கேட்கவில்லை. மூக்கால் பாடுகிற யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்த்து போனை அணைத்தாள். "நல்லாப் பாடியிருக்கீங்க" என்றாள். குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த காம்பரா அக்கா மறைக்கவில்லை. அவளுடைய மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். சின்ன வயதில் என் அம்மாதான் அவளைப் பார்த்துக்கொண்டாள்.

"அவ அங்க இருந்துக்கிட்டு அழுவுறா. ஆயா மொகத்தைக்கூடப் பாக்கலியேன்னு. சத்தத்தையாவது கேக்கட்டுமேன்னு எடுத்தேன் புள்ள. போனை மடியிலதான் வச்சிருந்தேன். தூக்குற வரைக்கும் இருக்கு, அரை மணி நேரம்."

"ஊரெல்லாம் எப்படிக்கா போச்சு?"

"நான் குடுக்கல. டவுன்ல கொமியூனிகேஷன்காரர்கிட்டதான் குடுத்தேன், இன்டர்நெட்டுல குவைத்துக்கு அனுப்பச் சொல்லி. முழுசும் போகாதாம், பெருசாம். நல்ல இடமாப் பாத்து வெட்டி மூணு நிமிசம் அனுப்பினாரு. அப்புறம் பாத்தா எல்லாரு போன்லயும் கெடக்குது."

அவர் பார்த்து வெட்டின நல்ல இடம் எது என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அக்கா, இதை இப்பவே அழிச்சிருங்க."

"எதுக்குடி? அம்மா ஞாபகமா இருக்கட்டுமே."

"தம்பி வர்றான்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். அழிப்பது அவளுக்குத் தெரியவில்லை. சிங்களத்தில் வந்த எழுத்துகளை நான்தான் கூட்டி வாசித்துச் சொன்னேன். "நீக்கவா?" என்று கேட்டது. நானே அமுக்கினேன். ஒரு கோடு ஓடியது, போய்விட்டது. அரை மணி நேரம் ஒரு விரல் நுனியில் போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இனி இருப்பது கடைக்காரர்.

அவர் சிங்களவர். முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழையே பேசுவார். அவர் கடையில் முன்பு படக் கசெட்டும் பிறகு சிடியும் இருந்தன. புதுச் சட்டம் வந்துவிட்டது, கள்ளப் பிரதி விற்றால் மறியலில் அடைப்பார்கள் என்று சொல்லி, முந்தின வருஷம் பொலிஸ் வந்து அவருடைய சிடிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, போனுக்குள் போடுகிற மெமரி சிப்புகளுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் பாட்டுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. நான் முதல் முறை போனபோதே அதில் சிங்களத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். "தோட்டத்து அழுகை."

அதன் முன்னால் நின்றேன். ஒரு ஆட்டோக்காரர் தன் போனை மறுபடியும் பாட்டு ஏற்றக் கொடுத்து, "இதில் அந்த அழுகையும் வந்துவிட்டது, என் வீட்டுக்காரி தினம் கேட்கிறாள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அழுகிறாள். அவள் அழுதால் எனக்குச் சோறு நேரத்துக்குக் கிடைப்பதில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ரீலோட் கார்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு கார்டு.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே நியாயம் பேசிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நானும் யோக்கியமில்லை. வயசுப் பெண்ணாக இருந்தபோது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று இருக்கும், இதே டவுனில் ரெக்கோடிங் பார் ஒன்று இருந்தது. வெற்றுக் கசெட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் மறுவாரம் நிரப்பித் தருவார்கள். லயத்தில் எல்லோருக்கும் நான்தான் பட்டியல் எழுதிக் கொடுப்பேன், என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தப் பாட்டைப் பாடினவரிடமோ எழுதினவரிடமோ யாராவது கேட்டோமா? அவர்கள் ஒரு வீட்டில் உட்கார்ந்து, இது இன்னாருக்குக் கேட்கக்கூடாதே என்று தவித்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. காற்றில் வந்தது, பிடித்துக்கொண்டோம். பிரதி எடுப்பது களவு என்று பத்திரிகையில் எழுதியபோது, வசதி உள்ளவர்களின் புலம்பல் என்று பக்கத்தைத் திருப்பினவள் நான்.

ஆனாலும் அது வேறு, இது வேறு என்றுதான் மனம் சொன்னது. அவர்கள் விற்பதற்காகப் பாடினார்கள். நான் மூடுவதற்காகப் பாடினேன். இந்த வித்தியாசம் எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது? பொலிஸுக்கா? தம்பி உள்ளே இருக்கும்போது நான் பொலிஸ் வாசல் ஏறவா?

வீட்டில் உட்கார முடியவில்லை. பால் வெட்டப் போனாலும் கத்தி ஆழமாகப் போய்விட்டது. பால் வழிகிற கோட்டுக்குள்ளே மரத்தின் உடம்பு தெரிகிற மாதிரி வெட்டிவிட்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். "கருமாதி முடியாம ஒனக்கு டவுன்ல அப்படி என்ன வேலை?" என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாம் முறையாகப் போனேன். மழை. கடையில் வேறு யாரும் இல்லை. கார்டு கேட்கவில்லை. பட்டியலில் விரலை வைத்தேன்.

"இது வேணுமா அக்கே? சிப் கொண்டாந்தீங்களா?"

"இல்ல. இதை எடுத்துருங்க."

"ஏன்?"

"எடுத்துருங்க தம்பி."

அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அக்கே, கேளுங்க. படப் பாட்டு போட்டா பொலிஸ் வரும். சிங்களப் பாட்டு போட்டாப் பாடகர் ஆள் அனுப்புவாரு. இது ஒண்ணுதான் பயமில்லாதது. கம்பெனி இல்ல, சொந்தக்காரர் இல்ல. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் வந்திருக்கேனே" என்று சொன்னேன். சொன்னேனா, உதடு மட்டும் அசைந்ததா என்று தெரியவில்லை. அவர் காதைச் சாய்த்தார்.

"அது நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. அவர் குற்றமில்லை. அந்தக் குரல் மலையைத் தள்ளுகிற குரல். எதிரே நின்றவளுக்கு மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை.

"உண்மையாவா? அப்ப ரெண்டு வரி பாடுங்க பாப்போம்" என்று சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை. சிடிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனவர்களிடம் அவரும் ஏதாவது அத்தாட்சி காட்டித்தான் தப்பியிருப்பார்.

பாடமுடியாது. பிரேதம் இல்லாத இடத்தில் ஒப்பாரி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு பிரேதம் விழும் என்பார்கள். எனக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஒரு மனிதனின் கடைக்குள் நின்று அதைச் சோதித்துப் பார்க்கிற துணிவு எனக்கில்லை.

"உங்க கடையில பாடக்கூடாது. உங்களுக்கு ஆகாது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கடையின் மூலையைப் பார்த்தார். அங்கே அவருடைய அப்பாவின் படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அனே அக்கே, முதல்லயே சொல்லக்கூடாதா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "வெட்டினதும் இருக்கு, முழுசும் இருக்கு. எதை?"

"ரெண்டையும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

அழித்தார். பட்டியலில் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு, "ஆனா ஒண்ணு அக்கே, போன சிப்பெல்லாம் போனதுதான். இன்டர்நெட்டுல குவைத்துக்குப் போனதும் திரும்பி வராது. நான் பெரிய ஆளு இல்ல" என்றார்.

அரசாங்கம் சில இணையப் பக்கங்களை இந்த நாட்டில் யாரும் பார்க்க முடியாதபடி மூடிவிட்டது என்று அந்த நாட்களில் பத்திரிகையில் படித்திருந்தேன். அது சரியா பிழையா என்று பெரியவர்கள் வாதாடினார்கள். நான் நினைத்ததெல்லாம் இதுதான்: ஒரு நாட்டுக்கே ஒரு பக்கத்தை மூட முடிகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மூன்று நிமிஷத்தை மூட முடியவில்லை.

ஆனாலும் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று இருந்தது. லயத்தில் ஒவ்வொரு காம்பராவாகப் போய், தெரிந்தவர்களிடம் கேட்டு அழிக்க வைத்தேன். நான் இவ்வளவு பேரிடம் பேசினது என் வாழ்க்கையிலேயே அந்த இரண்டு நாளில்தான். சிலர் அழித்தார்கள். சிலர் அழித்தேன் என்றார்கள்.

பதினைந்தாம் நாள் தம்பி வந்தான். தாடி வளர்ந்து, கடைக்குப் போடுகிற கால்சட்டையோடு, கையில் ஒரு பை. வாசலிலேயே நின்று அம்மா படுத்திருந்த பக்கத்தைப் பார்த்தான். அழவில்லை. குளித்துவிட்டு வந்து சாப்பிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவனே தொடங்கினான்.

"அக்கா, நான் கேட்டுட்டேன்."

கையிலிருந்த சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தேன்.

"உள்ள இருந்து வந்த அன்னைக்கே. எங்க கடையில அடுத்த தோட்டத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். அவன்தான் அம்மா செத்த சேதியச் சொன்னான். சொல்லிட்டு, ஒங்க அக்கா பாடினது இருக்குடான்னு போட்டான்."

"டேய், எனக்குத் தெரியாதுடா. நீ பிடிபட்டது எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அழிச்சிருடா."

"எதை?" என்று நிமிர்ந்தான். "அழிக்கிறதா? அம்மாவைக் குளிப்பாட்டுனதுக்கு நான் இல்ல. தூக்குனதுக்கு இல்ல. மண்ணு போடல. எனக்குன்னு இருக்கிறது இந்த மூணு நிமிசம்தான். பின்னால தப்பு அடிக்கிற சத்தம் கேக்குது. யாரோ 'ஆம்பளைங்க உள்ள வாங்க'ன்னு கூப்பிடுறாங்க. தகரத்துல மழை பெய்யுது. அங்கதான் கட் ஆகுது."

"திட்டியிருக்கேனேடா உன்னை."

"திட்டுறதுதான். கேத வீட்டுல திட்டாம?" என்றான். அவனுக்கும் அந்த வழக்கம் தெரியும். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "முழுசும் இருக்காமே. அரை மணி நேரம். அந்தப் பையன் சொன்னான். யாருகிட்ட இருக்கு? தூக்குற வரைக்கும் இருக்காமே அக்கா."

நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். விறகை இழுத்தேன், தள்ளினேன். அவன் பின்னாலேயே வந்தான். "யாருகிட்டக்கா?"

சொன்னேன். அக்காவின் போனில் நானே அமுக்கியதை, கடையில் இரண்டையும் என்று சொன்னதை. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றான். வெளியே போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் அது உறைத்தது. அந்த ஒப்பாரியில் தம்பியைத் திட்டின பிறகு நான் என்னையே திட்டிக்கொண்டேன். அம்மா "நெஞ்சு அடைக்குது" என்று காலையில் சொன்னதைக் கேட்டுவிட்டும், பேர் போட நேரமாகிவிட்டது என்று மலைக்குப் போனவள் நான். அவளுடைய மூச்சு போகும்போது நான் பதினைந்தாம் நம்பர் மலையில் பால் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தும் பார்க்காதவளுக்கு, தூரத்தில் இருந்தவனைச் சொல்ல வாய் ஏது என்று பாடினேன். தம்பியைச் சொன்னது நாலு வரி. என்னைச் சொன்னது அதைவிட நீளம். அது வெட்டின துண்டில் இல்லை. முழுசில் மட்டும்தான் இருந்தது.

கருமாதி நடந்தது. தம்பி மொட்டை அடித்துக்கொண்டான், செய்ய வேண்டியதெல்லாம் செய்தான். வந்தவர்களிடம் நன்றாகப் பேசினான். என்னிடமும் பேசினான், தண்ணீர் கேட்டான், துண்டு கேட்டான்.

மறுநாள் அவனை ரயிலேற்ற ரம்புக்கனைக்குக் கூடப் போனேன். பிளாட்போமில் இருவரும் நின்றோம். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஏறினதிலிருந்து மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். சிக்னல் விழுந்த பிறகுதான் வாய் வந்தது.

"தம்பி, ஒன்னைச் சொன்னதுக்கு அப்புறம் நான் என்னையும் சொன்னேன். நெறைய சொன்னேன். அம்மாவை விட்டுட்டு வேலைக்குப் போனேன்னு. அது அந்தத் துண்டுல இல்ல. முழுசுல இருந்துச்சு."

அவன் பையைத் தோளில் மாட்டினான்.

"இருக்கும் அக்கா" என்றான்.

ரயில் வந்தது. அவன் ஏறி, ஜன்னல் பக்கம் வந்து கையைக் காட்டினான்.

திரும்பி வந்து அடுத்த காம்பரா அக்காவிடம் கேட்டேன். "நான் என்னைத் திட்டிக்கிட்டேன்தானேக்கா? ஒங்களுக்குக் கேட்டுச்சுதானே?" அவள் யோசித்தாள். "நானும் அழுதுக்கிட்டு இருந்தேன் புள்ள, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த மற்றப் பெண்களிடமும் கேட்டேன். ரயிலு நாலு வந்துருச்சே என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. அதற்கு அடுத்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் போனுக்குப் பேசுகிறான். புதுப் போன் வாங்கிவிட்டானாம், பழையதில் இருந்ததை எல்லாம் மாற்றிக்கொண்டானாம். எல்லாவற்றையுமா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கிறான், சாப்பிட்டேன் என்கிறேன். "இருக்கும்" என்று அவன் சொன்னது நம்பிச் சொன்னதா, ரயில் வந்துவிட்டது என்று சொன்னதா என்று மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்க நினைக்கிறேன். அதற்குள் "வச்சிரட்டுமா அக்கா" என்கிறான். வை என்கிறேன்.